ஒளியால் ஸ்பினை ஆட்டுவது: படைப்படையான எதிர் அயக்காந்தங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர வகுப்பில் காந்தப்புலம் படிப்பிக்கிற நாட்களில், பாடத்திட்டத்தைத் தாண்டிக் கேள்வி கேட்கிற பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் எப்போதும் இருக்கிறார்கள். லேசர் அடித்துக் காந்தத்தை மாற்றினார்களாம் என்று செய்தியில் வாசித்துவிட்டு வருவார்கள். இங்கே திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடத்தில் இருந்துகொண்டு தொலைபேசியில் கேட்பவர்களும் உண்டு; மாணவர் கேட்டதை என்னிடம் கொண்டுவரும் ஆசிரியர்களும் உண்டு. எல்லாருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். உயர்தரத்தில் படித்த அலையும் காந்தமும் போட்டனும் கையில் இருந்தால் இதில் முக்கால்வாசி தூரம் போகலாம். மிச்சத்தை போகப் போகச் சொல்கிறேன்.

எதிர் அயக்காந்தம் என்றால் என்ன? காந்தம் என்கிறீர்கள், ஆனால் ஊசியைக்கூட இழுக்காதாமே?

இரும்பில் ஒவ்வொரு அணுவும் ஒரு சின்னக் காந்தம். இலத்திரன்களின் ஸ்பின்னிலிருந்து, அதாவது அவற்றுக்கு இயல்பாகவே உள்ள சுழற்சி போன்ற பண்பிலிருந்து, வருகிற காந்தம் அது. பக்கத்துப் பக்கத்து அணுக்களின் ஸ்பின்கள் ஒரே திசையில் நிற்பதால் எல்லாம் கூடி வெளியே தெரிகிற காந்தமாகிறது. இதுதான் அயக்காந்தம்.

எதிர் அயக்காந்தத்தில் ஒன்று மேலே பார்த்தால் அடுத்தது கீழே பார்க்கும். உள்ளே ஒழுங்கு அப்படியே இருக்கிறது. கூட்டுத்தொகை மட்டும் பூச்சியம். அதனால் ஊசியை இழுக்காது, திசைகாட்டியும் திரும்பாது. இப்படி ஒரு ஒழுங்கு இருக்கலாம் என்று 1930களில் சொன்னவர் பிரான்சின் லூயி நீல். அது உண்மையிலேயே இருக்கிறது என்று 1949இல் மங்கனீசு ஒட்சைட்டில் நியூத்திரன்களைச் சிதறவிட்டு ஷல்லும் ஸ்மார்ட்டும் காட்டினார்கள். நியூத்திரனுக்கும் ஒரு ஸ்பின் உண்டு என்பதால், அணுக்கள் எங்கே இருக்கின்றன என்பதோடு அவற்றின் ஸ்பின் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் அதற்குத் தெரியும்.

நீலுக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பொருட்கள் கோட்பாட்டளவில் மிகச் சுவையானவை, ஆனால் பயன் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்ற கருத்தைத் தன் நோபல் உரையில் அவரே சொன்னார். அந்த நிலை எப்படி மாறியது என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும் வரப்போகும் கதை.

அப்படிப்பட்ட பொருள் நம் கையில் எங்கேயாவது இருக்கிறதா?

தூய குரோமியம் ஒன்று. அதன் நீல் வெப்பநிலை 311 கெல்வின், அதாவது ஏறக்குறைய 38 பாகை செல்சியஸ். நீல் வெப்பநிலைக்கு மேலே போனால் வெப்ப அசைவு ஸ்பின் ஒழுங்கைக் குலைத்துவிடும். யாழ்ப்பாணத்து வெயிலில் மேசைமேல் கிடக்கும் ஒரு குரோமியத் துண்டு அந்த எல்லைக்கு மிகக் கிட்டத்தான் இருக்கிறது. நிக்கல் ஒட்சைட்டுக்கு அது 525 கெல்வின் அளவில் வரும். நம்முடைய எந்த வெயிலும் அதை ஒன்றும் செய்யாது.

பழைய கணினியின் வன்தட்டிலும் உண்டு. தட்டை வாசிக்கிற தலைப்பகுதியில், ஒரு காந்தப் படையை அசையாமல் பிடித்துவைப்பதற்கு இரிடியம் மங்கனீசுக் கலப்புலோகம் போன்ற எதிர் அயக்காந்தப் படை ஒன்றைப் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள்.

எதிர் அயக்காந்தம் வேகமானது என்கிறார்கள். எதனால்?

இதை ஆறுதலாகப் பார்க்க வேண்டும். மற்ற எல்லாம் இதில்தான் தொங்குகிறது.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டியில் கயிறிழுத்தல் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் சமபலமென்றால் கயிற்றின் நடுவில் கட்டிய துணி அசையாது. தூரத்தில் நிற்பவருக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கயிற்றைக் கிட்டப்போய் விரலால் சுண்டினால் விண்ணென்று அதிரும். விளையுள் விசை பூச்சியம், இழுவை மட்டும் அபாரம். இழுவை கூடினால் அதிர்வின் மீடிறனும் கூடும் என்று இழையின் அதிர்வுப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். எதிர் அயக்காந்தத்தில் நடப்பதும் இதுதான். அங்கே இழுவையின் இடத்தில் இருப்பது பக்கத்து ஸ்பின்களுக்கிடையிலான பரிமாற்ற இடைத்தாக்கம், அதாவது ஒன்றையொன்று எதிர்ப்பக்கம் பார்க்கவைக்கிற பிடி.

இனி எண்களுக்கு வருவோம். ஒரு ஸ்பின் காந்தப்புலத்தில் நின்றால் அதன் திசை ஒரு கூம்பு வடிவில் சுற்றிவரும். 1 டெஸ்லாவுக்கு ஏறத்தாழ 28 கிகாஹேட்ஸ். ஒரு பளிங்கில் ஸ்பின்கள் தமக்குப் பிடித்த ஒரு அச்சு வழியே நிற்கப் பார்க்கும். இந்தத் திசைவிருப்பத்தின் பலம் 1 டெஸ்லாப் புலத்துக்குச் சமம் என்று வையுங்கள். அது அயக்காந்தமென்றால் ஆட்டம் அந்த 28 கிகாஹேட்ஸ்தான். எதிர் அயக்காந்தத்தில் ஸ்பின்கள் ஆடும்போது பக்கத்து ஸ்பின்னோடு உள்ள கோணமும் கலைகிறது. ஆகவே பரிமாற்ற இடைத்தாக்கமும் திருப்பி இழுக்க வருகிறது. அது 100 டெஸ்லாவுக்குச் சமமென்றால், 2ஐ 100ஆலும் 1ஆலும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஏறக்குறைய 14. மீடிறன் 14 மடங்காகி 400 கிகாஹேட்ஸ், அதாவது 0.4 டெராஹேட்ஸ் ஆகிவிடும். உண்மையான பொருட்களிலும் இதே அளவுதான். நிக்கல் ஒட்சைட்டின் ஒரு ஆட்டம் 1 டெராஹேட்ஸ் அளவில் நடக்கிறது.

அதே 14க்கு இன்னொரு முகம் உண்டு. வெளியிலிருந்து காந்தப்புலம் போட்டு இந்த ஸ்பின்களைப் புரட்ட வேண்டுமென்றால் 14 டெஸ்லா அளவில் புலம் தேவைப்படும். வைத்தியசாலை எம்ஆர்ஐ இயந்திரம் பெரும்பாலும் 1.5 டெஸ்லாதான். ஆகவே காந்தத்தை வைத்து எதிர் அயக்காந்தத்தை ஆட்டுவது நடைமுறைக்கு ஒத்துவராத வேலை. வேறு கை வேண்டும். அந்தக் கை ஒளி.

படைப் பொருள் என்று ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்?

இலங்கைப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். பொகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டி எடுக்கிற காரீயம்தான் நல்ல உதாரணம். அதில் காபன் அணுக்கள் தாள் தாளாக இருக்கின்றன. ஒரு தாளுக்குள் பிணைப்பு மிக வலியது. தாளுக்கும் தாளுக்கும் நடுவில் வெறும் வன்டர்வால்ஸ் விசை. பென்சில் எழுதுவதே அதனால்தான். 2004இல் கெய்மும் நோவோசெலோவும் செலோடேப்பை ஒட்டி உரித்து ஒரே ஒரு தாளைப் பிரித்துவிட்டார்கள். 2010இல் நோபல் பரிசு.

காரீயத்தைப் போலவே உரிக்கக்கூடிய காந்தப் பளிங்குகளும் இருக்கின்றன. நிக்கல், இரும்பு, மங்கனீசு இவற்றில் ஒன்று பொசுபரசோடும் கந்தகத்தோடும் சேர்ந்த திரைசல்பைட்டுகள், குரோமியம் திரையயடைட்டு, குரோமியம் சல்பைட்டுப் புரோமைட்டு ஆகியவைதான் இந்தத் துறையில் அதிகம் அடிபடும் பெயர்கள். வேலை எப்படி நடக்கிறது தெரியுமா? பளிங்குத் துண்டொன்றை டேப்பில் வைத்து மடித்து மடித்துப் பிரிப்பார்கள். பிறகு அந்த டேப்பை, மேலே மெல்லிய ஒட்சைட்டுப் பூச்சுள்ள சிலிக்கன் தட்டில் அழுத்தி எடுப்பார்கள். சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தட்டில் சிதறிக் கிடக்கும் செதில்கள் தெரியும். தடித்தவை மினுங்கும், மிக மெல்லியவை தட்டின் நிறத்திலிருந்து கொஞ்சம் மாறிய சாயலாக, இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வைக்கும். மெல்லிய படலக் குறுக்கீடுதான் அந்தச் சாயல். சவர்க்காரக் குமிழியில் வரும் அதே பௌதிகவியல். அந்தச் சாயலை வைத்தே எத்தனை படை என்று பழகிய கண் சொல்லிவிடும்.

2016இல் இரும்புத் திரைசல்பைட்டை ஒரே படையாக்கினாலும் எதிர் அயக்காந்த ஒழுங்கு நிலைக்கிறது என்று இராமன் நிறமாலையால், அதாவது சிதறி வரும் ஒளியின் நிறம் எவ்வளவு மாறுகிறது என்று அளந்து, கண்டார்கள். 2017இல் குரோமியம் திரையயடைட்டு. இதைக் கவனியுங்கள். ஒரு படையாக இருந்தால் அது அயக்காந்தம். இரண்டு படையானால் மேல் படை ஒரு பக்கம், கீழ்ப் படை மறுபக்கம் பார்த்து நின்று கூட்டுத்தொகை பூச்சியமாகிறது. மூன்று படையானால் ஒன்று மிஞ்சி மீண்டும் காந்தம் தெரிகிறது. செதிலின் தடிப்பை மாற்றியே காந்தத்தின் இயல்பை மாற்றலாம் என்பதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு உண்டான சந்தோசம் இன்றைக்கும் குறையவில்லை.

படைகளுக்கு இடையிலான பிடி இளகியது என்பதுதான் முக்கியம். இரட்டைப் படைக் குரோமியம் திரையயடைட்டை ஒரே பக்கம் பார்க்கவைக்க 1 டெஸ்லாவுக்கும் குறைந்த புலம் போதும். இளகிய பிடியை ஒளியாலும் தளர்த்தலாம், இறுக்கலாம். அதோடு, செதில் மிக மெல்லியதாக இருப்பதால் ஒளி அதன் அடிவரை போய்ச் சேரும்.

லேசர் அடித்தால் பொருள் சூடாகும், காந்தம் போகும். இதில் என்ன புதுமை?

நியாயமான கேள்வி. சூடாக்குவதும் நடக்கிறதுதான். 1996இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் நிக்கல் படலமொன்றில் 60 பெம்டோசெக்கன் நீளமான லேசர்த் துடிப்பை அடித்தபோது, 1 பிக்கோசெக்கனுக்குள்ளேயே அதன் காந்தமாக்கம் சரிந்தது (பிக்கோசெக்கன் என்பது செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு; அதிலும் ஆயிரத்தில் ஒன்று பெம்டோசெக்கன்). இவ்வளவு வேகமாகக் காந்தம் குறையும் என்று அதுவரை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. அதிவேகக் காந்தவியல் என்ற துறையே அதிலிருந்துதான் கிளம்பியது.

ஆனால் சூட்டினால் ஒழுங்கைக் குலைக்கத்தான் முடியும். எந்தப் பக்கம் திரும்பு, எப்போது திரும்பு என்று சொல்ல முடியாது. ஒளியால் ஸ்பின்னுக்கு அப்படிச் சொல்ல முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி. முடியும் என்பதற்கு ஒரு தெளிவான சான்று 2005இல் நெதர்லாந்தின் நைமேகன் குழுவிடமிருந்து வந்தது. டிஸ்புரோசியம் இரும்பு ஒட்சைட்டில் (அது படைப் பொருள் அல்ல) வட்டமாக முனைவாக்கிய பெம்டோசெக்கன் துடிப்பை அடித்தார்கள். ஒளியின் மின்புலம் வலமாகச் சுழன்றால் ஸ்பின்கள் ஒரு பக்கமாக ஆடத் தொடங்கின. இடமாகச் சுழன்றால் நேர் எதிர்ப் பக்கமாக. வெப்பத்துக்கு வலமும் இடமும் தெரியாது. ஆகவே இது வெப்பத்தின் வேலையாக இருக்கவே முடியாது.

இதன் மூலம் மைக்கேல் பரடேயிடம் இருக்கிறது. காந்தப்புலத்தில் வைத்த கண்ணாடியூடாக ஒளி போகும்போது அதன் முனைவாக்கத் தளம் திரும்புகிறது என்று 1845இல் அவர் கண்டார். காந்தம் ஒளியைத் திருப்புமென்றால் ஒளியும் காந்தத்தைத் திருப்ப வேண்டும். இந்த மறுதலையை 1961இல் பிட்டாயெவ்ஸ்கி கணக்கில் காட்டினார்; 1965இல் பரிசோதனையில் கண்டார்கள்.

போட்டன் ஒன்றின் சக்தி ஸ்பின் ஆட்டத்தின் சக்தியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிது. மீடிறன் பொருந்தாமல் எப்படி ஆட்டும்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கிற பிள்ளைதான் இதைக் கேட்கும். 1 டெராஹேட்ஸ் ஆட்டத்தின் ஒரு பொதி, அதாவது ஒரு மக்னன், ஏறக்குறைய 4 மில்லி இலத்திரன் வோல்ற்று. சிவப்பு நிறப் போட்டன் 2 இலத்திரன் வோல்ற்றுக்குக் கிட்ட. 500 மடங்கு.

விடை துடிப்பின் குறுமையில் இருக்கிறது. நேரத்தில் குறுகிய துடிப்பு மீடிறனில் அகன்றதாக இருக்கும். 100 பெம்டோசெக்கன் துடிப்பில் உள்ள மீடிறன்கள் 4 டெராஹேட்ஸுக்கு மேல் பரந்திருக்கும். ஆகவே அதே துடிப்புக்குள், 1 டெராஹேட்ஸ் வித்தியாசமுள்ள இரண்டு போட்டன்களைத் தாராளமாகக் காணலாம். பொருள் ஒன்றை எடுத்து, சக்தி கொஞ்சம் குறைந்த மற்றதைத் திருப்பி விடுகிறது. அந்த வித்தியாசம் மக்னனாக உள்ளே தங்குகிறது. துடிப்பு ஆட்டத்தின் ஒரு காலத்தைவிடக் குறுகியது என்பதால் எல்லா ஸ்பின்களும் ஒரே கணத்தில் உதை வாங்கி ஒரே கட்டத்தில் ஆடத் தொடங்கும். இராமன் சிதறலின் தூண்டப்பட்ட வடிவம்தான் இது.

ஒளியின் நிறம் முக்கியமா? எந்த லேசராக இருந்தாலும் சரிவராதா?

சரிவராது. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் உயிர்நாடியே இதுதான். பளிங்குக்குள் இலத்திரன் ஒழுக்கு (அணுவைச் சுற்றி இலத்திரன் பரவியிருக்கும் வடிவம்), எக்சைட்டன் (ஒன்றையொன்று பிடித்த இலத்திரனும் துளையும்), அணு அதிர்வு என்று பல பிடிகள் இருக்கின்றன. எந்த நிறத்தை அனுப்புகிறோமோ அதற்குப் பொருந்திய பிடிதான் அசையும். மூன்று பரிசோதனைகளைச் சொன்னால் விளங்கும்.

முதலாவது நிக்கல் பொசுபரசு திரைசல்பைட்டு. நீல் வெப்பநிலை 155 கெல்வின். ஸ்பின்னுக்குப் பிடித்த அச்சு எது என்பதைத் தீர்மானிப்பது நிக்கலின் இலத்திரன் ஒழுக்கின் வடிவம். ஸ்பின்னும் ஒழுக்கும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. 2021இல் வெளியான ஆய்வொன்றில், 1 இலத்திரன் வோல்ற்றுக்குக் கிட்டிய, கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் ஒளியால் அந்த ஒழுக்கை மட்டும் கிளப்பினார்கள். ஒழுக்கு மாறிய கணத்தில் பிடித்த அச்சு சற்று மாறுகிறது. முன்பு சரியாக நின்ற ஸ்பின்கள் இப்போது பிழையான இடத்தில் நிற்கின்றன, உடனே 0.3 டெராஹேட்ஸில் ஆடத் தொடங்குகின்றன. லேசரின் நிறத்தை அந்த ஒழுக்கு மாற்றத்திலிருந்து விலக்கினால் இந்த ஆட்டம் மங்கிவிடுகிறது. காவலி என்பதாலும் போட்டனின் சக்தி, இலத்திரனைக் கடத்தவைக்கத் தேவையான சக்தி இடைவெளியைவிடக் குறைவு என்பதாலும் கடத்தும் இலத்திரன்கள் கிளம்பிச் சூடாக்குவதும் குறைவு.

இரண்டாவது குரோமியம் சல்பைட்டுப் புரோமைட்டு. இது குறைகடத்தி; 132 கெல்வின் வரை காந்த ஒழுங்கு உண்டு. ஒரு படைக்குள் எல்லா ஸ்பின்னும் ஒரே பக்கம், அடுத்த படையில் எதிர்ப்பக்கம். இதில் போட்டனை விழுங்கினால் இலத்திரனும் அது விட்டுவந்த துளையும் ஒன்றையொன்று பிடித்தபடி எக்சைட்டன் ஆகின்றன. அடுத்த படையின் ஸ்பின் எதிராக நிற்கும்போது இலத்திரன் அந்தப் படைக்குத் தாவ முடியாது. ஸ்பின்கள் ஒரே பக்கம் சாய்ந்தால் கதவு திறக்கிறது. எக்சைட்டனின் சக்தி குறைகிறது. அதாவது படைகளுக்கு நடுவில் ஸ்பின்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதைப் பளிங்கு திருப்பி அனுப்பும் ஒளியின் நிறத்திலிருந்தே வாசிக்கலாம்! 2022இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு இதைத்தான் பயன்படுத்தியது. ஒரு துடிப்பால் ஸ்பின் அலையைக் கிளப்பி, எக்சைட்டனின் நிறம் அந்த அலைக்கு ஏற்ப ஏறி இறங்குவதைப் பார்த்தார்கள். மீடிறன் சில பத்துக் கிகாஹேட்ஸ்தான். படைகளுக்கு இடையிலான பிடி இளகியது அல்லவா. ஆனால் அலை பல மைக்ரோமீற்றர் தூரம் கலையாமல் ஓடியது. கிகாஹேட்ஸ் ஆட்டம் ஒன்றை ஒளியின் மொழிக்கு நேரடியாக மாற்றித் தருகிற பொருள் என்பதால், மூன்றில் இதற்குத்தான் எதிர்காலம் கூடுதல் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது இரும்பு பொசுபரசு திரைசல்பைட்டு. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. இங்கே பிடி அணு அதிர்வு. கண்ணுக்குத் தெரிகிற ஒளியை விட்டுவிட்டு, பளிங்கின் சாலகம் அதிரும் அதே டெராஹேட்ஸ் மீடிறனில் துடிப்பை அடித்தார்கள். அணுக்கள் சற்று இடம்பெயர, அவற்றுக்கிடையிலான பரிமாற்ற இடைத்தாக்கமும் மாறுகிறது. மேல், கீழ் ஸ்பின்களின் சமநிலை குலைந்து, கூட்டுத்தொகை பூச்சியமாக இருந்த பொருளில் ஒரு காந்தமாக்கம் தோன்றியது. துடிப்பு நின்ற பிறகும் அது 2.5 மில்லிசெக்கனுக்கு மேல் நிலைத்தது. பிக்கோசெக்கன் கணக்கில் நடக்கிற உலகில் மில்லிசெக்கன் என்பது நூறுகோடி மடங்கு நீண்ட காலம். காரணம், பொருளை 118 கெல்வினுக்குக் கிட்ட, ஒழுங்கு குலைகிற விளிம்பில் வைத்திருந்தார்கள். விளிம்பில் ஏற்ற இறக்கங்கள் எல்லாம் மெதுவாகின்றன. வந்த நிலை திரும்பிப் போகவும் நேரமெடுக்கிறது.

இவ்வளவு வேகமானதை எந்தக் கருவியால் பார்க்கிறார்கள்?

எந்த இலத்திரனியல் கருவியாலும் நேரடியாகப் பார்க்க ஏலாது. ஒரு லேசர்த் துடிப்பை இரண்டாகப் பிரிப்பார்கள். பலமானது உதைக்கப் போகும். பலவீனமானது கொஞ்சம் பிந்திப் போய்ப் பார்த்துவிட்டு வரும். எவ்வளவு பிந்த வேண்டும் என்பதை ஒரு கண்ணாடி தீர்மானிக்கிறது. நகரும் மேடையில் பொருத்திய கண்ணாடியை 0.15 மில்லிமீற்றர் பின்னுக்குத் தள்ளினால், ஒளி போய்வர 0.3 மில்லிமீற்றர் கூடுகிறது. ஒளியின் கதியால் வகுத்துப் பாருங்கள்: சரியாக 1 பிக்கோசெக்கன். கண்ணாடியைத் தாள்த் தடிப்பிலும் குறைவான படிகளாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் அதே உதையைத் திரும்பத் திரும்பக் கொடுத்து அளந்தால் ஆட்டம் முழுவதும் வரைபாக வந்துவிடும்.

பார்க்கப் போன துடிப்பில் அளப்பது அதன் முனைவாக்கத் தளம் எவ்வளவு திரும்பியது என்பதை. திரும்பல் மிக நுண்ணியது. ஆகவே அந்த ஒளியை முனைவாக்கத்தின்படி இரண்டாகப் பிரித்து இரண்டு உணரிகளில் விழுத்தி வித்தியாசத்தை மட்டும் எடுப்பார்கள். எதிர் அயக்காந்தத்தில் இன்னொரு சிக்கல்: மேலும் கீழுமான ஸ்பின்கள் திருப்பும் அளவு ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால் பல வேளைகளில், ஸ்பின் அச்சு வழியேயும் அதற்குக் குறுக்கேயும் ஒளிக்குள்ள வித்தியாசத்தை, அதாவது இரட்டை முறிவை, அளப்பார்கள். அது ஸ்பின்னின் வர்க்கத்தில் தங்கியிருப்பதால் அழிவதில்லை.

கடையில் வாங்கும் லேசர்ப் பேனாவை ஒரு காந்தத்தில் அடித்தால் ஏதாவது ஆகுமா?

ஆகாது. அது தொடர்ச்சியான ஒளி, வலுவும் சில மில்லிவாற்று. பெம்டோசெக்கன் லேசரின் சராசரி வலு பெரிதாக இல்லாவிட்டாலும், அதைக் கண்ணிமைக்க முடியாத சிறு கணத்துக்குள் திணிப்பதால் உச்ச வலு பல கோடி மடங்காகிறது. இன்னொன்று: எந்த லேசரையும் கண்ணை நோக்கிப் பிடிக்காதீர்கள், பேனாவென்றாலும்.

இதனால் கணினி ஆயிரம் மடங்கு வேகமாகும் என்று செய்தியில் போடுகிறார்களே?

அந்தத் தலைப்பை அப்படியே நம்ப வேண்டாம். 0.3 டெராஹேட்ஸ் என்பது 3 கிகாஹேட்ஸ் செயலியைவிட 100 மடங்கு என்பது எண்ணளவில் சரி. ஆனால் ஸ்பின் வேகமாக ஆடுவது வேறு, அதை வைத்து ஒரு தரவை எழுதி, வைத்திருந்து, வாசிப்பது வேறு. மேலே சொன்ன மூன்று பொருளும் பூச்சியத்துக்குக் கீழே 100 பாகைக்கும் குளிரான இடத்தில்தான் வேலை செய்கின்றன. பெம்டோசெக்கன் லேசரோ ஒரு மேசையை நிரப்பும். குரோமியம் திரையயடைட்டு ஈரக்காற்றுப் பட்டால் கெட்டுப்போகும். ஒளியின் புள்ளியை அலைநீளத்தைவிட மிகச் சிறிதாக்குவதும் இலேசல்ல. இன்றைய ஒரு திரான்சிஸ்ரர் அதைவிட எவ்வளவோ சிறியது.

அதற்காக வீண் என்றும் சொல்ல மாட்டேன். எதிர் அயக்காந்தத்தில் எழுதிய தரவைப் பக்கத்தில் வரும் காந்தம் அழிக்காது. 2016இல் செப்பு மங்கனீசு ஆர்சனைட்டில் மின்னோட்டத்தாலேயே திசையை மாற்றிக் காட்டினார்கள், அதுவும் அறை வெப்பநிலையில். நுண்ணலைச் சைகையை ஒளியாக மாற்றுவது போன்ற வேலைகளுக்குப் படைப் பொருட்கள் முதலில் பயன்படலாம் என்பது என் ஊகம்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதில் ஏதாவது செய்ய முடியுமா, சேர்?

அதிகம் வரும் கேள்வி இது. பெம்டோசெக்கன் லேசரும் திரவ ஹீலியமும் கேட்கிற பரிசோதனைகளுக்கு வெளியே போக வேண்டும்; அதற்குப் பட்டப்படிப்பில் ஒளியியலும் குவாண்டம் பொறிமுறையும் ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும். ஆனால் இதன் கோட்பாட்டுப் பக்கத்துக்கு ஒரு மடிக்கணினி போதும். குவாண்டம் எஸ்பிரெசோ, வம்பயர் போன்ற மென்பொருட்கள் இலவசம். பெரிய ஆய்வுகளே அவற்றில் நடக்கின்றன.

பைதன் தெரிந்த பிள்ளை இன்றைக்கே தொடங்கலாம். ஓரலகு நீளமுள்ள இரண்டு காவிகளை எடுங்கள், ஒன்று மேல் நோக்கி, மற்றது கீழ் நோக்கி. ஒவ்வொன்றும் உணரும் புலம் இரண்டு பகுதி: மற்றக் காவிக்கு எதிர்த்திசையில் 100 டெஸ்லா, அச்சு வழியே 1 டெஸ்லாவைத் தன் அச்சுக்கூறால் பெருக்கியது. காவியின் மாறுவீதம், அந்தக் காவிக்கும் புலத்துக்கும் உள்ள குறுக்குப் பெருக்கத்தை 1.76 தர 10இன் 11ஆம் வலுவால் பெருக்கி மறைக்குறி போட்டால் வரும். லாண்டாவும் லிஃப்ஷிட்ஸும் 1935இல் எழுதிய சமன்பாட்டின் தணிப்பில்லாத வடிவம் இது. படி 1 பெம்டோசெக்கன் வையுங்கள். நேரடி ஒயிலர் முறை வேண்டாம், காவியின் நீளம் மெல்ல மெல்லக் கூடிவிடும், நான்காம் வரிசை ருங்கே குட்டா போடுங்கள். முதல் 100 பெம்டோசெக்கனுக்கு மட்டும் அச்சை 2 பாகை சரித்துவிட்டுத் திரும்ப நேராக்குங்கள். நிக்கல் திரைசல்பைட்டில் ஒளி செய்ததைப் போன்ற உதைதான் அது. இரண்டு காவிகளின் கிடைக்கூறுகளின் வித்தியாசத்தை நேரத்துக்கு எதிரே வரைந்தால் ஒரு சைன் அலை வரும், காலம் 2.5 பிக்கோசெக்கன் அளவில் இருக்க வேண்டும். வந்ததும் 100 டெஸ்லாவை 10 ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். ஆட்டம் மெதுவாவதோடு அதன் வீச்சும் சிறுத்துவிடும். உதை அதேதான், அதைப் பெருப்பித்துக் கொடுத்தது பரிமாற்ற இடைத்தாக்கம்.